உயில், வாக்கு, காய்ச்சல்: ஒரு நாவலும் இரண்டு படங்களும்

ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவல் 1811இல் மூன்று பாகங்களாக வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒரு சீமாட்டி’ என்று மட்டும் அச்சாகியிருந்தது. 1995இல் ஆங் லீ அதை அந்தக் காலத்து உடை, வீடு, குதிரைவண்டி சகிதம் படமாக்கினார். திரைக்கதை எழுதி, மூத்த மகள் எலினராக நடித்தவர் எம்மா தாம்ப்சன். அந்தத் திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து ராஜீவ் மேனன் அதே கதையைச் செட்டிநாட்டுக்கும் சென்னைக்கும் கொண்டுவந்தார். அதுதான் 2000இல் வந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’. வசனம் சுஜாதா, இசை ஏ.ஆர்.ரஹ்மான்.

இந்த இரண்டு படங்களையும் ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: ஆங்கிலப் படம் நாவலுக்கு விசுவாசமானது, தமிழ்ப் படம் கதைக்கருவை மட்டும் எடுத்துக்கொண்டது. உடையையும் ஊரையும் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்த நாவலை நகர்த்துவது உடையோ ஊரோ அல்ல. பாத்திரங்களைக் கட்டிப்போடும் நிர்ப்பந்தங்கள்தான் கதையை ஓட்டுகின்றன. சொத்து கைவிட்டுப் போகிறது. குடும்பத்துப் பெண்ணால் சம்பாதிக்க முடியாது. ஆண் கொடுத்த வாக்கை மீற முடியாது. நனைந்த காலோடு உட்கார்ந்திருந்தால் உயிரே போகலாம். காலப் படம், அதாவது கதை நடந்த காலத்தையே காட்டும் படம், எடுப்பவருக்கு இந்த நிர்ப்பந்தங்கள் எல்லாம் தயாராகக் கிடைக்கின்றன, ஆனால் பார்வையாளருக்கு அவை தெரியாது. சில நிமிடங்களில் புரியவைக்க வேண்டும். கதையை நிகழ்காலத்துக்குக் கொண்டுவருபவருக்கு நேரெதிர்ச் சிக்கல். பார்வையாளருக்கு ஊரும் உலகமும் தெரியும், நிர்ப்பந்தங்கள்தான் காலாவதியாகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஈடாக வேறொன்றைக் கட்டியாக வேண்டும். எங்கே ஈடு கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்று பார்த்தால் இரண்டு படங்களும் வேறு மாதிரித் தெரியும்.

உயிலில் தொடங்கலாம், கதையே அங்கேதான் தொடங்குகிறது.

நாவலின் முதல் அத்தியாயத்தில் நார்லண்ட் எஸ்டேட்டின் உரிமையாளரான கிழவர் இறக்கிறார். கடைசி ஆண்டுகளில் அவரை உடனிருந்து பார்த்துக்கொண்டது வாரிசான ஹென்றி டேஷ்வுட்டின் குடும்பம்: ஹென்றி, அவருடைய இரண்டாம் மனைவி, மூன்று பெண்கள். உயிலைத் திறந்தால், எஸ்டேட் ஹென்றிக்கு ஆயுள்காலம் வரைதான். அதன்பின் அது முதல் மனைவியின் மகன் ஜானுக்கும், ஜானின் நான்கு வயது மகனுக்கும் போய்ச் சேருமாறு எழுதியிருக்கிறது. எஸ்டேட்டின் பேரில் மனைவிக்கும் பெண்களுக்கும் ஏதாவது ஒதுக்கவோ, அங்குள்ள மரங்களை வெட்டி விற்கவோகூட ஹென்றிக்கு வழியில்லை. பெண்களுக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு. அவ்வளவுதான். காரணம், எப்போதாவது வந்துபோன அந்தச் சின்னப் பையனின் மழலையும் சேட்டையும் கிழவருக்குப் பிடித்துப்போயிருந்தது. பல ஆண்டுப் பணிவிடை அந்த மழலைக்கு முன் எடுபடவில்லை. ஓராண்டில் ஹென்றியும் இறந்துவிடுகிறார்.

ஆக, இந்தப் பெண்களை வீட்டைவிட்டு அனுப்பியது சட்டம் அல்ல. ஒரு மனிதரின் விருப்பம். அவர் நினைத்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருக்கலாம். ஆஸ்டின் இதை முதல் பக்கங்களிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்.

1995 படத்தில் இது மாறிப்போகிறது. கிழவர் இல்லை, குழந்தையின் மழலை இல்லை. மரவீட்டில் ஒளிந்திருக்கும் கடைசித் தங்கை மார்கரெட், அண்ணன் ஏன் நம் வீட்டுக்கு வர வேண்டும் என்று கேட்கிறாள். வீடு தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும், மகளுக்குப் போகாது, அதுதான் சட்டம் என்று கீழே நின்றபடி எலினர் பதில் சொல்கிறாள். ஒரே ஒரு வாக்கியம். திரையரங்கில் இருப்பவர் அனைவருக்கும் புரிந்துவிடுகிறது. திரைக்கதை நுட்பமாகப் பார்த்தால் அருமையான சிக்கனம். ஆனால் அதற்குக் கொடுத்த விலை சிறியதல்ல. தனிமனிதரின் அநியாயம் காலத்தின் அநியாயமாக மாறிவிட்டது. ‘அந்தக் காலத்தில் அப்படித்தான்’ என்று பார்வையாளர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடலாம்.

தமிழ்ப் படத்துக்கு அந்தச் சுருக்கவழி கிடையாது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சுயசம்பாத்தியச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை 2005 திருத்தம் வரை பெண் வாரிசுக்கு மறுக்கப்பட்டிருந்தது உண்மைதான். ஆனால் கணவனை இழந்த மகளுக்கு அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை அதே சட்டம் கொடுத்திருந்தது. ஸ்ரீவித்யா நடித்த தாய்ப் பாத்திரம் அப்படிப்பட்ட மகள்தான். எனவே ‘அதுதான் சட்டம்’ என்று சொல்லி அவளையும் அவள் பெண்களையும் வெளியேற்ற முடியாது. அவர்களை வெளியேற்றக்கூடியது ஒன்றே ஒன்று, உயில். அச்சட்டத்தின் 30ஆம் பிரிவு, தனக்கு உரிமையுள்ள சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்க அனுமதிக்கிறது.

படம் அதைத்தான் செய்கிறது. வீட்டுக்குத் தெரியாமல் மணம் செய்துகொண்ட மகள் மீதிருந்த கோபத்தில், தாத்தா பல வருடங்களுக்கு முன்பே எல்லாவற்றையும் மகன் பெயருக்கு எழுதிவிட்டார். பின்னர் அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது அந்த மகள் குடும்பம்தான். மரணப் படுக்கையில் அவர் எதையோ சொல்ல முயல்கிறார், யாருக்கும் புரியவில்லை. இறந்தபின் பெட்டியைத் திறந்தால் பழைய உயில். சட்டம் கைவிட்டதால் தமிழ்த் திரைக்கதை மனித மனத்தின் பக்கம் போக வேண்டியிருந்தது. போன இடத்தில் ஆஸ்டின் நிற்கிறார். பணிவிடை செய்தவர்கள், ஒதுங்கியிருந்தவர்கள், எழுதி முடித்துவிட்ட ஒரு காகிதம் என நாவலின் முதல் அத்தியாயம் காலப் படத்தைவிடக் காரைக்குடி வீட்டில்தான் முழுமையாக இருக்கிறது. இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. பழைய நிர்ப்பந்தம் இருக்குமிடத்தில் எழுதுபவர் அதன்மேல் சாய்ந்துகொள்ளலாம். இல்லாதபோது அதன் வேர்வரை தோண்டியாக வேண்டும்.

காலப் படம் வெல்லும் இடம் இதற்கு அடுத்த காட்சி. நாவலின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க ஒரு பேரம். சாகும் தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி தங்கைகளுக்கு ஆளுக்கு 1,000, மொத்தம் 3,000 பவுண்டு கொடுக்க ஜான் நினைக்கிறான். மனைவி ஃபேனி பேசத் தொடங்குகிறாள். ஆளுக்கு 500 ஆகிறது. பிறகு, தாய்க்கு ஆண்டுக்கு 100 கொடுத்தால் போதாதா? ஆண்டுத்தொகை கொடுக்கத் தொடங்கினால் வாங்குபவர்கள் சாகவே மாட்டார்கள் என்கிறாள் ஃபேனி. சரி, அவ்வப்போது 50 பவுண்டு. கடைசியில் மீனும் வேட்டைக்கறியும் அனுப்பி, வீடு மாற்றும்போது சாமான் ஏற்ற ஒத்தாசை செய்தால் வாக்கு நிறைவேறிவிட்டதாக இருவரும் மனநிறைவோடு முடிக்கிறார்கள். யாரும் குரலை உயர்த்துவதில்லை. இப்படியே படமாக்கினால் ஓர் அறையில் இருவர் நெடுநேரம் பேசிக்கொண்டிருக்கும் நாடகமாகிவிடும். எம்மா தாம்ப்சன் பேரத்தைத் துண்டுபோட்டு, வீடு, வண்டி, வழியில் தங்கும் சத்திரம் என்று பயணம் நெடுகப் பரப்பினார். ஒவ்வொரு வெட்டிலும் தொகை குறைகிறது, வண்டி நார்லண்டை நெருங்குகிறது. அவர்கள் வந்து இறங்கும்போது வாக்கில் மிச்சம் எதுவும் இல்லை. எழுத்தில் இருக்கும் படிப்படியான சரிவை இதைவிடச் சுருக்கமாகத் திரையில் காட்ட முடியும் என்று தோன்றவில்லை. தமிழில் இந்தக் காட்சிக்கு இடமே இல்லை. தாத்தாவால் வாக்கு வாங்க முடியவில்லை. வாங்காத வாக்கை யாரும் பேரம்பேச முடியாது.

பணத்தைப் பற்றி ஒரு விளக்கம் இங்கே தேவை. தந்தையின் 7,000 பவுண்டும் பெண்களின் 3,000 பவுண்டும் சேர்ந்து 10,000. ஐந்து சத வட்டியில் ஆண்டுக்கு 500 பவுண்டு. அதில் நான்கு பெண்கள் இரண்டு பணிப்பெண்கள், ஒரு வேலையாளோடு வாழ்கிறார்கள். அன்றைய விவசாயக் கூலியோடு வைத்துப் பார்த்தால் இது வறுமையே அல்ல. படத்தில் எலினர் சர்க்கரையையும் மாட்டிறைச்சியையும் செலவுக் கணக்கிலிருந்து நீக்கும்போது பார்ப்பவர்கள் பட்டினியை நினைத்துவிடுகிறார்கள். இழந்தது சோறு அல்ல, சீதனம். சொந்த வண்டி இல்லாத, சீதனம் இல்லாத பெண்ணை அந்த வட்டத்தில் யாரும் கேட்டு வரமாட்டார்கள். வேலைக்குப் போய் ஈட்டவும் முடியாது. குதிரைச் சவாரிக் காட்சியில், தான் விரும்பும் எட்வர்டிடம் எலினர் இதை நேராகச் சொல்கிறாள்: உங்களுக்குச் சொத்து வந்து சேரும், எங்களால் சம்பாதிக்கக்கூட முடியாது. நாவலில் இல்லாத வசனம். ஆனாலும் நாவல் மொத்தமும் அதில் இருக்கிறது.

தமிழ்ப் படத்தில் எலினருக்கு ஈடான மூத்த மகள் சௌம்யா (தபு) பள்ளித் தலைமையாசிரியை. சென்னைக்கு வந்தபின் மென்பொருள் நிறுவனத்தில் கீழ்நிலையில் நுழைந்து, நிரல் எழுதுபவளாக உயர்கிறாள். சம்பாதிக்க முடியாது என்ற பழைய சுவர் இடிந்துவிட்டது. அந்த இடத்தில் திரைக்கதை இரண்டு காரியங்கள் செய்கிறது. ஒன்று, ராசியில்லாதவள் என்ற ஊர்ப்பேச்சை அவள்மீது ஏற்றுகிறது. சீதனம் இல்லாமையின் வேலையை அந்தப் பேச்சு செய்கிறது. இரண்டாவது இன்னும் கூர்மையானது. அவளுடைய சம்பாத்தியமே தடையாகிறது. நாவலில் பணமில்லாததால் காதலர்கள் சேர முடியவில்லை. இங்கே வேலையில் கிடைக்கும் உயர்வு அவளை அமெரிக்காவுக்கு அழைத்துப்போகப் பார்க்கிறது. 2000ஆம் ஆண்டுச் சென்னையில் எத்தனையோ வீடுகளில் அன்றாடம் நடந்தது இது. நிர்ப்பந்தத்தை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் புதிதாக்கிய இடம் என்று இதைச் சொல்வேன்.

தமிழ்ப் படம் சறுக்கும் இடம் எட்வர்ட். நாவலில் அவன் நான்கு ஆண்டுகளாக லூசி ஸ்டீல் என்பவளோடு ரகசியமாக நிச்சயம் செய்துகொண்டவன். காதல் எப்போதோ வற்றிவிட்டது, ஆனாலும் அவன் விலக மாட்டான். இன்றைக்குப் படிப்பவர்களுக்கு இது அசட்டுத்தனமாகத் தெரியும். அன்று ஆண் நிச்சயத்தை முறித்தால் பெண் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். இங்கிலாந்தில் அந்த வழக்குரிமை 1970இல்தான் சட்டப்படி ஒழிந்தது. பணத்தைவிடப் பெரிய இழப்பு, அவள் பெயர் கெட்டுவிடும். ஆகவே முறித்துக்கொள்ள அவளால்தான் முடியும், அவனால் முடியாது. லூசி இந்த ரகசியத்தை எலினரிடமே சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்று வாக்கும் வாங்கிவிடுகிறாள். நான்கு மாதம் எலினர் அதைச் சுமக்கிறாள். பக்கத்து அறையில் தங்கை மேரியேன் தன் காதல் துயரத்தை வீடே கேட்க அழுதுகொண்டிருக்கும்போது, அக்கா வாய் திறக்க முடியாமல் அவளைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். எலினரின் மௌனம் குணம் மட்டுமல்ல, கொடுத்த வாக்கு.

தமிழில் எட்வர்டுக்கு ஈடான மனோகர் சினிமா இயக்குநராகத் துடிப்பவன். முதலில் ஜெயிக்க வேண்டும், அப்புறம்தான் கல்யாணம். பிறகு படத்தின் நாயகியோடு அவனைச் சேர்த்துக் கிசுகிசு. லட்சியம், கிசுகிசு இரண்டுமே தடைகள்தான், ஆனால் இரண்டுமே அவன் பக்கத்துத் தடைகள். சௌம்யாவிடம் ஒளித்துவைக்க எதுவும் இல்லை. தபு எவ்வளவோ அடக்கி நடிக்கிறார். அடக்குவதற்கான காரணத்தைத் திரைக்கதை அவருக்குக் கொடுக்கவில்லை. ஏதோ ஒரு வாக்கை, மூன்றாவது ஆளின் ரகசியத்தை அவள் கையில் கொடுத்திருந்தால் படத்தின் இரண்டாம் பாதி வேறு எடையோடு நின்றிருக்கும்.

அடக்கிவைத்தது உடையும் தருணத்தை இரண்டு படங்களும் கைவிடவில்லை. நாவலில் எட்வர்ட் இன்னும் மணமாகாதவன் என்று தெரிந்ததும் எலினர் ஓட்டமும் நடையுமாக அறையைவிட்டு வெளியேறி, கதவு மூடியதும் அழுகிறாள். படத்தில் எம்மா தாம்ப்சன் அறையைவிட்டுப் போவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மூச்சு முட்டி, சத்தமாக, கட்டுப்படுத்த முடியாமல் விம்முகிறார். அம்மாவும் தங்கைகளும் வெளியே போய்விடுகிறார்கள். அத்தனை நேரம் நேராக நிமிர்ந்த முதுகோடு இருந்தவள் இப்படி உடைவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த மாற்றம். ஆஸ்டின் கதவுக்குப் பின்னால் வைத்ததைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்தது சரியான முடிவு. நாவலில் 19 வயதான எலினரைப் படம் 27 ஆக்கியதும் இதற்கு உதவுகிறது. எட்டு ஆண்டு கூடுதல் பொறுமை அந்த அழுகையில் கேட்கிறது.

ஏமாற்றும் காதலன் விஷயத்தில் தமிழ்ப் படம் மிகத் துல்லியமாக இருக்கிறது. நாவலில் மேரியேனின் காதலன் வில்லபி இரண்டு குற்றங்கள் செய்தவன்: ஓர் இளம்பெண்ணைக் கெடுத்துக் கைவிட்டான், கடனில் மூழ்கி, 50,000 பவுண்டுக்காக மிஸ் கிரேயை மணந்தான். ஆங் லீ படம் இரண்டையும் வைத்துக்கொள்கிறது. ராஜீவ் மேனன் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு முகவரி கொடுத்தார். அப்பாஸ் நடித்த ஸ்ரீகாந்த் நிதி நிறுவனம் நடத்துகிறவன். தொண்ணூறுகளின் தமிழ்நாட்டில் கொழுத்த வட்டி தருவதாகச் சொல்லி வைப்புத்தொகை திரட்டிய நிறுவனங்கள் வரிசையாக மூழ்கின. ஓய்வூதியப் பணத்தைத் தொலைத்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். வைப்பீட்டாளர் நலனைக் காக்க மாநில அரசு 1997இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. பணம் போட்டவர்கள் வாசலில் நிற்க, ஓர் அமைச்சர் தன் மகளை மணந்தால் காப்பாற்றுகிறேன் என்று சொல்ல, ஸ்ரீகாந்த் தலையாட்டுகிறான். இதைப் பார்த்த எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. வில்லபியின் கடன் ஆங்கிலப் படத்தில் செய்தியாக வருகிறது, இங்கே ஊர் அனுபவமாக வருகிறது. பெண்ணைக் கெடுத்த கதையை விட்டதில் இழப்பும் உண்டு. ஸ்ரீகாந்த் கோழையாகத் தெரிகிறான், அபாயமானவனாகத் தெரிவதில்லை.

காய்ச்சலுக்கு வருவோம். நாவலில் மேரியேன் ஈரப் புல்லில் இரண்டு மாலை நடந்து, நனைந்த காலணியையும் காலுறையையும் மாற்றாமல் உட்கார்ந்ததில் படுத்துவிடுகிறாள். சாவின் விளிம்புவரை போகிறாள். 1995 படம் அதைக் கொட்டும் மழையாகப் பெருக்கி, அவளை மௌனமாக நேசிக்கும் கர்னல் பிராண்டன் அவளைத் தூக்கி வருவதாகச் சேர்த்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வந்துவிட்ட காலத்தில் காய்ச்சலை வைத்து யாரையும் பயமுறுத்த முடியாது. தமிழ்ப் படம் மேரியேனுக்கு ஈடான தங்கை மீனாட்சியை மழையில் திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடைக் குழியில் விழவைக்கிறது. சென்னை மழையைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

பிராண்டனைப் பற்றிய மாற்றம் இன்னும் சுவையானது. 16 வயது மேரியேனுக்கு 35 வயதுக் கர்னல் கிழவன். ஃபிளானல் உள்சட்டை போடுகிறவனைக் காதலிப்பதா என்கிறாள். பிராண்டனாக நடித்த ஆலன் ரிக்மனுக்கு அப்போது 49, மேரியேனாக நடித்த கேட் வின்ஸ்லெட்டுக்கு 19. வயது வித்தியாசம் பார்த்தவுடன் உறைக்கிறது. தமிழ்த் திரையில் வயது வித்தியாசம் எதையும் உணர்த்தாது. நாயகனைவிட இருபது வயது இளைய நாயகி இங்கே வழக்கம். மம்முட்டிக்கும் ஐஸ்வர்யா ராய்க்கும் 22 வயது வித்தியாசம் என்பதை யாரும் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே பிராண்டனுக்கு ஈடாக மம்முட்டி நடித்த மேஜர் பாலாவை, ஐஸ்வர்யா ராய் நடித்த மீனாட்சியின் கண்ணில் படாதவனாக்க வேறு வழி வேண்டும். அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய் இழந்த கால், அதன்பின் வந்த குடி. நாவலின் பிராண்டனிடம் பழைய காதலின் துயரம் இருந்தது, பாலாவிடம் இருப்பது நாடு மறந்துவிட்ட ஒரு போரின் துயரம். என் பார்வையில் இது மூலத்தைவிடக் கனமானது.

கவிதைக்கும் இதே போல் ஈடு தேட வேண்டியிருந்தது. நாவலின் மேரியேன், ஆங்கிலக் கவிஞர் கௌப்பரின் கவிதையை ஒருவன் எப்படி வாசிக்கிறான் என்பதை வைத்து ஆளை எடைபோடுகிறவள். இன்றைய பார்வையாளருக்குக் கௌப்பர் தெரியாது. அதனால் எட்வர்ட் தட்டையாக வாசிக்கும் காட்சிக்கு மட்டும் படம் கௌப்பரை வைத்துக்கொண்டு, வில்லபியோடு மனம் ஒன்றும் இடத்தில் ஷேக்ஸ்பியரின் 116ஆம் சானெட்டை (பதினான்கு அடிக் கவிதை) கொண்டுவந்தது. தமிழில் பாரதி. ‘சுட்டும் விழிச்சுடர் தான் கண்ணம்மா’ என்று ஒருவன் தொடங்கினால் கேட்பவர்கள் உள்ளுக்குள் அடுத்த அடிக்குப் போய்விடுவார்கள். மீனாட்சி ஏன் ஏமாந்தாள் என்பதைத் திரையரங்கம் தன் நாக்கிலேயே உணர்கிறது. 1811இல் கௌப்பரை மனப்பாடமாக வைத்திருந்த வாசகருக்கு இருந்த அனுபவம் இதுதான். சானெட்டால் அந்த அளவுக்கு நெருங்க முடியவில்லை.

இரண்டு படங்களுமே நாவலிடமிருந்து விலகிக்கொள்ளும் இடம் முடிவு. ஆஸ்டினின் மேரியேன் 19 வயதில் பிராண்டனை மணக்கும்போது அவளிடம் இருந்தது ஆழ்ந்த மதிப்பும் நட்பும்தான். காதல் பின்னால்தான் வருகிறது. அதுவும் குடும்பத்தார் எல்லோரும் ஒன்றுகூடி எதிர்பார்த்ததால் நடந்தது என்பதை ஆஸ்டின் மறைக்கவில்லை. படிக்கும்போது நெருடுகிற முடிவு. எந்தத் தயாரிப்பாளரும் அதை அப்படியே எடுக்கத் துணியமாட்டார். ஆங்கிலப் படம் மழையில் தூக்கிவரச் செய்து, தேறிவரும்போது கவிதை வாசிக்கச் செய்து, பியானோ பரிசளிக்கச் செய்து, காதலை முன்கூட்டியே நட்டுவிடுகிறது. தமிழ்ப் படத்தில் மீனாட்சி பாட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும், பாலா குடியை விட வேண்டும் என்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். பின்னணிப் பாடகியாக அவளுக்கு வாய்ப்புக் கிடைக்க அவன் துணை நிற்கிறான். கடைசியில் தேர்வு செய்பவள் அவளே. மகிழ்ச்சிதான். ஆனால் 17 வயதில் உலகையே எரித்துவிடும் வேகத்தோடு இருந்த ஒரு பெண், எல்லோருக்கும் திருப்தியான ஒரு முடிவுக்குள் அடங்கிப்போகிறாள் என்ற நாவலின் சங்கடம் இரண்டிலும் காணாமல் போய்விட்டது.

மூன்றையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்கள் முழு நாவலையும் முதலில் முடித்தாக வேண்டும் என்பதில்லை. முதல் இரண்டு அத்தியாயங்களைப் படித்துவிட்டு ஆங் லீ படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். உடனே ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தில் உயில் வெளிவரும் காட்சியைப் பாருங்கள். பிறகு நாவலின் 44ஆம் அத்தியாயம். மேரியேன் நோயில் கிடக்கும் இரவில் வில்லபி வந்து எலினரிடம் தன் பக்கத்தைச் சொல்லும் நீண்ட பகுதி அது. காலப் படம் அதை முழுதாக நீக்கிவிட்டு, திருமண நாளில் தூரத்துக் குன்றில் குதிரைமேல் அவனை ஒருமுறை நிறுத்துவதோடு முடித்துக்கொண்டது. அந்த அத்தியாயத்தைப் படித்தபின் ஸ்ரீகாந்தின் காட்சிகளுக்குத் திரும்பிப் போனால், அவன்மீது நமக்கு வரும் இரக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.